வெள்ளைச் சர்க்கரை: வாங்கலாமா, வேண்டாமா?

எங்கள் வீட்டு அடுக்களையில் சர்க்கரை டப்பா காலியாக இருந்ததே இல்லை. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னுமா இதை வாங்குகிறீர்கள்? வெள்ளை விஷமாச்சே!" என்று அக்கறையோடு கேட்கிறார்கள். ஃபோன், மிக்ஸி, செருப்பு என்று எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். தினமும் வாயில் போடுகிற பொருளுக்கும் ஒன்று எழுத வேண்டியதுதானே? நான் வீட்டில் கேக்கும் பிஸ்கட்டும் சுடுகிறவள். அப்பா பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். சர்க்கரையின் நல்லதும் கெட்டதும் எங்கள் வீட்டில் அன்றாடம் பேச்சில் அடிபடுகிற விஷயம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சேர்பொருள் பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: சர்க்கரை. கரும்பிலிருந்து வந்தாலும் சரி, பீட்ரூட் வகையான சர்க்கரை பீட் கிழங்கிலிருந்து வந்தாலும் சரி, சுத்திகரித்து முடித்த பிறகு இரண்டும் ஒரே சுக்ரோஸ்தான். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் சேர்ந்த மூலக்கூறு அது. சிறுகுடலில் ஒரு நொதி அதை இரண்டாக வெட்டுகிறது. குளுக்கோஸ் இரத்தம் வழியாக உடம்பு முழுக்கப் போகிறது. ஃப்ரக்டோஸில் பெரும்பங்கு கல்லீரலுக்குப் போகிறது. கிராமுக்கு 4 கலோரி. மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டியில் சுமார் 4 கிராம், அதாவது 16 கலோரி. எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரதம் இல்லை, நார்ச்சத்து இல்லை, வைட்டமின் இல்லை. இருப்பதாக இந்தப் பாக்கெட் சொல்லவும் இல்லை. மளிகை அலமாரியில் இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாத பொருள் அதிகம் கிடையாது. என் முதல் பாராட்டு அதற்குத்தான்.

பக்கத்திலேயே கூடுதல் விலைக்குப் பழுப்புச் சர்க்கரை இருக்கும். கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது வெள்ளைச் சர்க்கரையோடு, சர்க்கரை எடுத்த பின் மிஞ்சுகிற மொலாசஸ் பாகைக் கொஞ்சம் சேர்த்ததுதான். பிஸ்கட்டுக்கு அருமையான ஈரமும் வாசனையும் கொடுக்கும். அதற்காக நானும் வாங்குகிறேன். ஆனால் அதிலுள்ள தாதுச்சத்து கணக்கில் எடுக்கிற அளவுக்கு இல்லை. தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதுவும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனைத் தரவே கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். ஆரோக்கியத்துக்காக என்று வெள்ளையை விட்டுவிட்டு இவற்றுக்கு மாறுகிறவர்களுக்கு உடம்பில் பெரிதாக ஒன்றும் மாறாது.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஒரு முறை கேக் சுட்டுப் பார்க்க வேண்டும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது அந்தப் படிகங்கள்தான் வெண்ணெய்க்குள் காற்றை ஏற்றுகின்றன. மஞ்சளாக இருந்த வெண்ணெய் மெல்ல வெளுத்து, கரண்டியில் எடுத்தால் பஞ்சு மாதிரி நிற்கும். அந்தக் காற்று சூட்டில் விரிந்துதான் கேக் எழும்புகிறது. ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மேலே பொன்னிறம் கொடுப்பதும் சர்க்கரையின் வேலைதான். குறிப்பில் 200 கிராம் என்றிருந்தால் நான் 150 போடுகிறேன். சாப்பிடுகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. 100 ஆக்கினால் மேல்பக்கம் வெளிறிப் போகிறது, மறுநாள் கத்தி வைத்ததுமே உதிர்கிறது. ஜாமில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை இருப்பதற்கும் காரணம் உண்டு. கிருமிகள் வளரத் தேவையான நீரை அது தன்வசம் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால்தான் ஜாம் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கிறது.

அப்புறம், உயிர் காக்கிற வேலை ஒன்று இருக்கிறது. திட்டுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. வயிற்றுப்போக்கில் உடம்பு நீரை இழக்கும்போது உப்புத் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. குடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உறிஞ்சப்படுகின்றன, நீர் அவற்றின் பின்னால் போகிறது. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இதை விளக்கினார். 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பொட்டலத்தில் விற்கிற ஓஆர்எஸ் கைவசம் இல்லாத நேரத்துக்கு: ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடினால் கெடுதல், அதனால் கண்ணளவில் போடாதீர்கள்.

அப்பாவுக்குச் சில சமயம் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை அளவு இறங்கிவிடும். முதலில் கை நடுங்கும், அப்புறம் நெற்றியில் குளிர்ந்த வியர்வை, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். அந்த நேரத்தில் நான் தேடுவது இந்த டப்பாவைத்தான். 15 கிராம், கிட்டத்தட்ட 4 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பேன். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்ப்பேன், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு வேகத்தைக் குறைத்துவிடும். நீரிழிவுக்கு அகார்போஸ் என்ற மாத்திரை எடுக்கிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் சரிவராது, சுக்ரோஸை வெட்டுகிற நொதியையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸாகவே வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சரி, குற்றச்சாட்டுகளுக்கு வருவோம். சிலவற்றை ஆதாரமில்லாதவை என்றே சொல்வேன். இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுவார்கள் என்பது அதில் முதலாவது. இதைப் பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 1995 ஆய்வில், சர்க்கரைக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் வந்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சிறுவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரை இல்லாத பானம். ஆனால் பாதி அம்மாக்களிடம் "உங்கள் பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அந்த அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளை கூடுதலாகத் துள்ளுவதாகத் தெரிந்தது.

சர்க்கரை சாப்பிட்டால் தானாகவே எடை கூடும் என்பதும் பாதி உண்மைதான். 1997-ல் ஒரு சோதனை நடந்தது. குறைந்த கலோரி உணவில் ஒரு குழுப் பெண்களுக்கு மொத்தக் கலோரியில் 43 சதவீதம் சர்க்கரை, இன்னொரு குழுவுக்கு 4 சதவீதம். மொத்தக் கலோரி இரு குழுவுக்கும் ஒன்றே. ஆறு வாரத்தில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு இளைத்தார்கள். 2013-ல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பும் அதே மாதிரிதான் சொன்னது: வேறொரு மாவுச்சத்தை எடுத்துவிட்டு அதே கலோரிக்குச் சர்க்கரையை வைத்தால் எடை மாறவில்லை. ஆனால் இஷ்டப்படி சாப்பிட விட்டால் சர்க்கரை கூடக் கூட எடையும் கூடியது. வயிறு நிரம்பாமலே கலோரியை உள்ளே அனுப்பிவிடும். விவகாரம் அங்கேதான் இருக்கிறது.

இதை நேரில் பார்க்க ஆசைப்பட்டு ஒரு காரியம் செய்தேன். 330 மில்லி கோலா கேனில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். அதைத் தராசில் நிறுத்தினால் கிட்டத்தட்ட 9 தேக்கரண்டி, தட்டில் கொட்டினால் ஒரு குட்டிக் குவியல். அதே அளவு சாதாரணத் தண்ணீரில் கலக்கி வாயில் வைத்தேன். தொண்டையில் ஒட்டுகிற இனிப்பு, இரண்டாவது வாய் போகவில்லை. கோலாவில் அது எப்படிச் சத்தமில்லாமல் இறங்குகிறது? குளிர்ச்சி, வாயு, பாஸ்பாரிக் அமிலத்தின் புளிப்பு, இவை மூன்றும் இனிப்பை மறைக்கின்றன. குடித்து முடித்து அடுத்த வேளைச் சாப்பாட்டை யாரும் குறைத்துக்கொள்வதும் இல்லை. இப்படித் தினமும் குடிக்கும்போது கல்லீரலுக்கு மொத்தமாக வந்து சேருகிற ஃப்ரக்டோஸில் ஒரு பகுதி கொழுப்பாக மாறுகிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பரம்பரை, உடல் எடை, அசையாத வாழ்க்கை என்று பல காரணம் உண்டு. ஆனால் இனிப்புப் பானத்துக்கும் அதற்கும் உள்ள தொடர்பு ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்பத் தெரிகிறது. பெட்டியில் அடைத்த பழச்சாற்றையும் இதே வரிசையில்தான் வைப்பேன். முழுப் பழம் வேறு. அதை மென்று தின்ன நேரம் எடுக்கும், நார்ச்சத்தும் கூடவே வருகிறது.

பல் விஷயத்தில் சர்க்கரைக்குப் பரிந்து பேச ஒன்றுமில்லை. 1940-களில் சுவீடனில் விபேஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில், சம்மதம் சொல்ல முடியாத நோயாளிகளுக்குச் சர்க்கரையைப் பல விதமாகக் கொடுத்துப் பல்லைப் பார்த்தார்கள். அப்படி ஒரு சோதனை நடந்திருக்கவே கூடாது. அதில் தெரிந்தது இது: சாப்பாட்டோடு சேர்ந்து போன சர்க்கரையால் சொத்தை அவ்வளவாக இல்லை, இடைவேளைகளில் மென்ற ஒட்டுகிற மிட்டாய்தான் பல்லைத் தின்றது. எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு எத்தனை தடவை சாப்பிட்டோம் என்பதும் பல்லுக்கு முக்கியம். மேசையில் மிட்டாய் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது 2024-ல் வந்த ஆய்வுதான். பிரிட்டனில் போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவில் உருவானவர்களை ஒப்பிட்டார்கள். கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவு. இரண்டு வயதுக்குள் குழந்தைக்குத் தனியாகச் சர்க்கரை சேர்த்த எதுவும் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது போதும்.

சர்க்கரைத் தொழில் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1967-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எழுதிய ஒரு கட்டுரை, இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் மேல் போட்டுச் சர்க்கரையைத் தப்பவிட்டது. அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு பணம் கொடுத்திருந்தது 2016-ல் ஆவணங்களோடு வெளியே வந்தது. மக்கள் இன்று எதையும் நம்ப மறுப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கோபம்தான் வருகிறது.

அப்படியானால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவு, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள். ஒரு நாளைக்கு 2000 கலோரி என்றால் 50 கிராம், அல்லது 25 கிராம். தேனும் பழச்சாறும் இதில் சேரும்; முழுப் பழமும் பாலும் சேராது. இரண்டு வேளைக் காபிக்கு ஒவ்வொரு கரண்டி போட்டால் 8 கிராம்தான். ஆனால் நான் சமைக்காத பொருள்களில் கணக்கு எகிறுகிறது. தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 4 கிராம். லேபிளில் குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வர்ட் சிரப், நீரை வற்றவைத்த பழச்சாறு (ஜூஸ் கான்சன்ட்ரேட்) என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது சர்க்கரைதான்.

"சர்க்கரை இல்லை" என்று போட்ட பிஸ்கட்டை அப்பாவுக்காக வாங்கிப் பார்த்தேன். மாவும் கொழுப்பும் அப்படியே இருக்கின்றன, சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு கலக்குகிறது. எடை குறைக்கச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. எனக்கு அந்த பிஸ்கட்டின் சுவையும் பிடிக்கவில்லை.

என் மதிப்பெண்: டப்பாவில் இருந்து நானே கரண்டியால் எடுத்துப் போடுகிற சர்க்கரைக்கு 5-க்கு 4. பாட்டிலில் கரைந்து வருகிற அதே சர்க்கரைக்கு 1. பொடியாக இருக்கிற ரகம் கேக்குக்கு நல்லது, காபிக்கு எதுவானாலும் போதும்.

குறைத்த அந்த ஒரு மதிப்பெண் பாக்கெட்டின் பின்பக்கத்துக்காக. சத்து விவரத்தை 100 கிராமுக்குப் போடுகிறார்கள். யார் 100 கிராம் சர்க்கரையை அள்ளிச் சாப்பிடுகிறார்கள்? ஒரு மட்டத் தேக்கரண்டி 4 கிராம், ஒரு நாளைக்கு 6 முதல் 12 தேக்கரண்டிக்குள், எல்லா உணவும் சேர்த்து, என்று பெரிய எழுத்தில் முன்பக்கமே அச்சடிக்கலாம். குளிர்பான பாட்டிலிலும் அதே எழுத்தளவில் "9 தேக்கரண்டி" என்று போடட்டும்.