கனடா நாணயம் பார்க்க யூ.எஸ்.பி. மைக்ரோஸ்கோப்: வாங்கலாமா?

விளம்பரத்தில் போடும் 1000 மடங்கை நம்பி வாங்காதீர்கள். டை (நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சு) வேறுபாடு பார்க்க 20 முதல் 40 மடங்கு போதும். 1985 ஒரு சென்ட்டில் 5-இன் முனை கூர்மையா, மழுங்கலா என்பது அதிலேயே பளிச்செனத் தெரியும், கூர்முனைதான் அரிது.

பெரிய குறை, லென்ஸைச் சுற்றியுள்ள எல்.இ.டி. விளக்கு. அது நேராக விழுந்து பளபளக்கும், இல்லாத இரட்டை எழுத்தைக் காட்டும். அதை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கைச் சாய்த்து வையுங்கள். நாணயத்தை மெல்லச் சுழற்றுங்கள். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் கவனியுங்கள்: இரண்டாம் கோடு தட்டையாக, படிக்கட்டு போல எழுத்தின் அகலத்தையே தின்றிருந்தால் அது அச்சடிக்கும்போது டை அசைந்ததால் வந்தது, மதிப்பில்லை. உருண்டு, எழுத்து முனை பிளந்து, எழுத்தே தடித்திருந்தால்தான் உண்மையான இரட்டை டை, அதாவது டையிலேயே எழுத்து இரட்டையாகப் பதிந்தது. 1997-க்குப் பிந்தைய துத்தநாக சென்ட்டுகளில் செம்புப் பூச்சு கிழிந்து எழுத்தோரம் வெள்ளைக் கோடு தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஆனால் 2006 சென்ட்டுக்கு இந்தக் கருவி மட்டும் போதாது. முகப்பில் P குறியும் (பூச்சு பூசிய எஃகின் அடையாளம்) இல்லை, நாணயச்சாலை முத்திரையும் இல்லை, ஆனால் காந்தத்தில் ஒட்டுகிறது என்றால் அரிய வகை. தராசில் எஃகு 2.35 கிராம், துத்தநாகம் 2.25 கிராம், 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

ஸ்டாண்டு ஆடாத மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.