உடைந்த போல்ட்டின் தலையை ஒட்டி மறைத்துத் தந்த கராஜ்

வெள்ளவத்தையில் கடற்கரையை அண்டிய ஒழுங்கைகளில் வாகனம் நிறுத்துபவர்களுக்குக் கறள் புதிய சங்கதியல்ல. சென்ற மாதம் எனது பழைய காரின் வாட்டர் பம்ப் கசியத் தொடங்கியதால், அண்மையிலுள்ள ஒரு கராஜில் அதை மாற்றக் கொடுத்தேன். வேலை செய்த பையன், எண்ணெய் ஒரு துளிகூட விடாமல் காற்றழுத்தத்தால் போல்ட் கழற்றும் ஏர் கன்னை நேரே போல்ட்டில் வைத்தான். இரண்டு போல்ட்டுகள் கழன்றன. மூன்றாவது 'டக்' என்ற சத்தத்துடன் நின்றது. என்னவென்று கேட்டேன். "ஒண்டுமில்லை அண்ணை, நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ" என்றார் பாஸ். நானும் போய்விட்டேன், அதுதான் என் பிழை.

மாலையில் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு வாகனத்தைத் தந்தார்கள். பற்றுச்சீட்டுக் கேட்டபோது, புத்தகம் முடிந்துவிட்டது என்றார்கள். ஐந்தாம் நாள், களனிப் பாலம் தாண்டுவதற்குள் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்தது பஞ்சிகாவத்தைப் பக்கம் லேத் வேலை செய்யும் ஒரு முதியவரிடம். அவர் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டு, பின்னால் மறைந்திருந்த போல்ட்டை விரலால் தொட்டார். அதன் தலை அப்படியே அவர் கையோடு வந்தது. அடியில் சாம்பல் நிறப் பசை. போல்ட் இல்லாத இடத்தில் இருப்பதுபோல் காட்டுவதற்காகவே வெறும் தலையை ஒட்டியிருந்தார்கள்.

உள்ளே இருந்தது அதைவிட மோசம். உடைந்த துண்டில் நடுப்புள்ளி பார்க்காமல் துளையிட்டு, முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் கருவியான ஈசி அவுட்டைச் செலுத்தி முறுக்கி, அதையும் உள்ளேயே முறித்திருந்தார்கள். ஈசி அவுட் மிகக் கடினமான உருக்கு என்பதால் உடைந்தால் சாதாரண டிரில் அதில் இறங்காது. பக்கத்திலுள்ள மென்மையான அலுமினியத்தைத்தான் தின்னும். அலுமினிய எஞ்சினில் இரும்பு போல்ட் இறுகுவதற்குக் காரணம் கறள் மாத்திரமல்ல: இரு உலோகங்களுக்கிடையே ஈரமும் உப்பும் சேரும்போது அலுமினியம் அரிக்கப்பட்டு, அதிலிருந்து உண்டாகும் வெள்ளைத் தூள் மரைகளுக்குள் பருத்து அடைத்துக்கொள்கிறது. எனவே ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைப்பதும், கைச்சாவியால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைப்பதும், தேவையானால் சுற்றியுள்ள அலுமினியத்தை அளவாகச் சூடாக்குவதும்தான் முறை. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும்.

முதியவர் பற்றரி வயர்களைக் கழற்றிவிட்டு, துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் செய்தார். இரும்பு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதே அதிலுள்ள நுட்பம். சற்று ஆறியபின் சாவி போட்டு மெல்லத் திருப்ப, ஈசி அவுட்டும் சேர்ந்தே வெளியே வந்தது. சிதைந்த மரைக்கு, புதிய மரையாக அமையும் கம்பிச்சுருளான ஹெலிகொயில் போட்டார்.

முதல் கராஜுக்குத் திரும்பிப் போனேன். 'எஞ்சின் பழசு' என்றார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தை அழைத்தேன். பற்றுச்சீட்டு இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. நீங்கள் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பற்றுச்சீட்டை வாங்குங்கள். போல்ட் உடைந்தால் அதில் கைவைக்காமல் உங்களை அழைக்கும்படியும் வாகனம் கொடுக்கும்போதே சொல்லிவையுங்கள். அந்தப் போல்ட் தலை, பசையோடு, இப்போதும் என் காரின் டாஷ்போர்ட்டில் கிடக்கிறது.