டொன்சிலை எடுப்பதா, விடுவதா: எங்கள் வீட்டுக் கொப்பிக் கணக்கு

மகளுக்கு ஏழு வயது. போன வருடம் தொண்டை திரும்பத் திரும்ப வீங்கியபோது உப்புவெளி மச்சாள், "எடுத்துவிடுங்கோ. எங்கட பெடியனுக்கு எடுத்தாப்பிறகு கரைச்சலே இல்லை" என்றா. அம்மா மல்லியும் வேர்க்கொம்பும் அவித்தபடி, "விடு பிள்ளை, வளரக் குறைஞ்சிடும்" என்றா. நாங்கள் எடுக்கவில்லை. அதனால் இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாயத்தான் செய்யும்.

ஒப்பரேஷன் என்றால் மயக்க மருந்து, இரண்டு கிழமை வரை பள்ளிக்கூடம் இல்லை, ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இரத்தம் கசியலாம் என்ற பயம். மச்சாளின் மகன் கஞ்சிக்கும் அழுதானாம். அது கேள்விப்பட்டதுதான், எங்கள் அனுபவமில்லை. நித்திரையில் மூச்சடைத்துத் திணறும் பிள்ளை என்றால் கதை வேறு, கீழே சொல்லப்போகும் எண்ணிக்கையெல்லாம் அங்கே பொருந்தாது.

எண்ணிக்கைதான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. தொண்டை அழற்சி ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து 2 வருடம் ஐந்தைந்து, அல்லது 3 வருடம் மூன்று மூன்று தடவை வந்தால் எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார் டொக்டர். "மாதத்துக்கு ஒருக்கா வருது" என்றேன். "எழுதி வச்சிருக்கிறீங்களா?"

இல்லை. அன்றே ஒரு கொப்பி போட்டேன். திகதி, காய்ச்சல், இருமல், போன் டோர்ச்சில் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தது. வருட முடிவில் எட்டு வரி. ஐந்தில் மூக்கொழுகல், இருமல், லேசான சிவப்பு: வெறும் தடிமன். மூன்றில்தான் 101 பாகைக்கு மேல் காய்ச்சல், டொன்சிலில் வெள்ளைப் புள்ளி, தாடைக்குக் கீழே தொட்டால் நோகும் கட்டி, இருமலே இல்லை. டொக்டர் சொன்ன ஏழுக்குக் கணக்கில் வருவது இந்த மூன்றுதான்.

எடுக்காமல் விடுவதிலும் வேலை இருக்கிறது. பக்டீரியாதான் என்று டொக்டர் 10 நாளுக்கு மருந்து தந்தால் 10 நாளும் கொடுக்கவேண்டும். மூன்றாம் நாளே இவள் துள்ளி விளையாடினாள், நிறுத்தத்தான் மனம் வந்தது. இருதய வால்வைக் கெடுக்கும் வாதக்காய்ச்சலைத் தடுக்கத்தான் அந்தக் கணக்கு என்று தெரிந்தபிறகு நிறுத்தவில்லை. காய்ச்சலுக்கு நிறைக்கேற்ற பரசிட்டமோல் மட்டும். டெங்கு திரியும் ஊரில் இபுபுரூஃபன் ஆபத்து. எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், வாய் திறக்க மறுத்தால், ஒரு பக்கம் மட்டும் புடைத்தால் கொப்பியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

கடைசி வரி மார்கழி மழையோடு எழுதியது: "இருமல் உண்டு. வெள்ளை இல்லை." அன்றைக்கு அம்மாவின் மல்லித்தண்ணியோடு விட்டோம்.