'மஹாசாய்' என்று சொல்லி விற்ற ஜோடி: வடசென்னை ஃபைட்டர் நண்பர்கள் கவனத்துக்கு

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் என்னிடமிருந்து 'மஹாசாய்' என்ற காட்டு ஃபைட்டர் மீன் குட்டி வாங்கிப் போனவர்கள் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். அவை மஹாசாய் இல்லை. எனக்கு விற்றவர் ஏமாற்றினார். அது தெரியாமல் நான் உங்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்து ஃபைட்டர் வளர்க்கிறேன். மூர் மார்க்கெட்டில் ஜாம் பாட்டிலோடு வாங்கி வந்ததுதான் முதல் மீன். பட்டுப்புடவை முந்தானை மாதிரி வால் விரிக்கும் மீன்களை வருஷக்கணக்கில் வளர்த்த பிறகு, இந்த மீன் சதுப்பில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்தது. சின்ன வால், ஒல்லி உடம்பு, பயந்தால் இலைக்கடியில் மறைகிற குணம். அந்த மீன் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அதிலும் மஹாசாய் மேல்தான் எனக்குக் கண். தாய்லாந்தில் பாங்காக்கை ஒட்டிய சமுத் சாகோன் பகுதியின் மீன் அது. 2012-ல்தான் தனி இனமாக அறிவித்தார்கள். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் உப்பங்கழியில், நிப்பா பனை அடர்ந்த சேற்றில் வாழ்கிறது. அந்தப் பனைக்கு வெளியே தெரிகிற தண்டு கிடையாது, சேற்றிலிருந்தே மட்டை கிளம்பும். மட்டை இடுக்கில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரில் ஆண் மீன் நுரைக்கூடு கட்டும். எண்ணூர்க் கழியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் படித்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

போன தை மாதம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் விளம்பரம் வந்தது. தாய்லாந்து இறக்குமதி, காட்டில் பிடித்தது, ஜோடி 4,500 ரூபாய். கூடவே பச்சையாக மின்னும் ஒரு மீனின் படம். பணத்தை முதலில் அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். கடை எதுவும் கிடையாது, ரெட்டேரி சிக்னல் பக்கத்தில் இருட்டிய பிறகு வந்து செய்தித்தாள் சுற்றிய இரண்டு கவரைக் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் இரண்டும் மண் நிறத்தில் இருந்தன.

"ஸ்ட்ரெஸ்ல இருக்கு பிரதர், ரெண்டு வாரத்துல கலர் ஏறிடும்" என்றார். கவரில் அடைத்து வந்த ஃபைட்டர் நிறம் இழந்திருப்பது உண்மைதான், அதனால் நம்பினேன். பிறகு ஒரு பாட்டிலை நீட்டினார், 350 ரூபாய். "நம்ம போர் தண்ணில விட்டீங்கன்னா ஒரே நாள்ல போயிடும். கேன் தண்ணி ஊத்தி இத பத்து சொட்டு விடுங்க. காட்டு மீனுன்னா கருப்புத் தண்ணிதான்."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், இதில்தான் மீன் செத்தது. கருப்புத் தண்ணீர் கேட்கும் காட்டு பெட்டாக்கள் உண்டு (ஃபைட்டர் மீன் குடும்பத்துக்குப் பெட்டா என்று பெயர்). போர்னியோ, மலேசியா பக்கத்துக் கரிச்சதுப்புக் காடுகளில் வாழும் காக்சினா வகைகள் அப்படித்தான். இலை ஊறி டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும் அந்தத் தண்ணீரின் பிஹெச் 4 வரைகூட இறங்கும், எண் இறங்க இறங்க அமிலம் அதிகம். மஹாசாய் அந்த ஊர் மீன் இல்லை. உப்பங்கழியில் பிறந்ததற்கு நம் வடசென்னை போர் தண்ணீர் பெரிய எதிரி கிடையாது. அதை அமிலத்தில் போடச் சொல்கிறவருக்கு மஹாசாய் பற்றி எதுவும் தெரியாது, அல்லது பாட்டில் விற்றால் போதும்.

கேன் தண்ணீரிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. அது பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் உப்புகள் அமிலத்தைக் கொஞ்சமாவது தாங்கிப் பிடிக்கும். ஆர்ஓவில் அந்தப் பிடிமானமே இல்லை, நாலு சொட்டு விட்டாலும் பிஹெச் சரசரவென்று இறங்கிவிடும். சாயங்காலம் சொட்டு விட்டேன். காலையில் பெண் மீன் தொட்டி மூலையில் தலை மேலாக நின்றுகொண்டு, துடுப்பெல்லாம் உடம்போடு ஒட்டி, வேகவேகமாகச் செவுளை அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்கப் பால் ஏடு படிந்த மாதிரி ஒரு வெள்ளை. டெஸ்ட் கிட்டில் பார்த்தால் 5-க்கும் கீழே. தண்ணீரை மெல்ல மெல்ல மாற்றினேன். மத்தியானத்துக்குள் போய்விட்டது. ஆண் மட்டும் எப்படியோ பிழைத்தது.

போன் செய்தேன். "காட்டு மீன் அப்படித்தான் பிரதர், அதே பேட்ச்ல இன்னொரு பொண்ணு இருக்கு, உங்களுக்காக 1,200" என்றார். அதையும் வாங்கினேன்.

இந்த முறை பாட்டிலைத் தொடவில்லை. இரண்டு நாள் வைத்த போர் தண்ணீர், காய்ந்த நாட்டு பாதாம் இலை இரண்டு, மொட்டை மாடியில் நிழலான மூலையில் ஒரு தெர்மாகோல் பெட்டி, அவ்வளவுதான். மாசியில் கூடு கட்டியது. முட்டை இரண்டு நாளில் பொரிந்து, குஞ்சுகள் நூல் துண்டு மாதிரி நுரைக்கடியில் தொங்கின. கீழே விழுகிற ஒவ்வொன்றையும் ஆண் வாயில் கவ்வி மறுபடி கூட்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது. தீனிக்கு முதலில் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் குஞ்சு, அப்புறம் சலித்த கொசுப்புழு. அறுபதுக்கு மேல் தேறின. நாற்பதை ஆறு நண்பர்களுக்குக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. வடசென்னையில் மஹாசாய் பரவட்டும் என்று நினைத்தேன்.

வைகாசியில் வியாசர்பாடியிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மச்சான், நீ குடுத்ததுல ஒண்ணு வெள்ளையா மாறுதுடா."

ஓடினேன். தலை சதை நிறம், முதுகில் நீலத் திட்டு, வாலில் சிவப்புத் தீற்றல். போன வாரம் அந்தத் தலை கறுப்பாக இருந்ததாம். வளர வளர நிறம் இடம் மாறுகிற இந்தக் குணத்தை மார்பிள் என்போம். அது முழுக்க மனிதர் வளர்ப்பில் வந்தது. சதுப்பிலிருந்து வந்த மஹாசாயில் மார்பிள் வராது. ஆக, அந்த 1,200 ரூபாய்ப் பெண் சாதாரணக் கடைப் பெண்.

அப்படியானால் ஆண்? வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் காட்டி, மீன் செவுள் விரிக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். மஹாசாய்க்குச் செவுள் மூடியில் நெட்டுக்குத்தாக இரண்டு நீலப்பச்சைக் கோடு இருக்க வேண்டும், சிவப்பு இருக்கக் கூடாது. இதற்குத் துருப்பிடித்த கம்பி நிறத்தில் இரண்டு கோடு. அது ஸ்ப்ளெண்டன்ஸ் ரத்தம், நம் கடை ஃபைட்டர்களின் மூல இனம். இந்தச் சிவப்பை முதல் மாதமே பார்த்து விற்றவரிடம் கேட்டிருக்கிறேன். "நல்ல தீனி போட்டா சிவப்பு ஏறும்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

படத்தை அனுப்பிக் கேட்டபோது கதை மாறியது. தாய்லாந்து இல்லையாம், "பொன்னேரி பக்கம் வயல்ல பிடிச்சது, ஒரிஜினல் காட்டு மீன்" என்றார். பெட்டா இனம் எதுவும் இந்தியாவின் இயற்கை மீன் கிடையாது. நம் வயல், வாய்க்காலில் இருப்பது அதன் ஒன்றுவிட்ட சொந்தம், சூடோஸ்ப்ரோமெனஸ் கூபானஸ். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்று மீனை வைத்து 1831-ல் வைத்த பெயர், அந்தக் 'கூபானஸ்' நம் குப்பம்தான். விரல் நீளம்கூட வராத, அழகான, சாதுவான மீன். இதைச் சொன்னதும் என்னை பிளாக் செய்துவிட்டார். 6,050 ரூபாய் போனது போனதுதான்.

கொளத்தூரில் 'இது கலப்பு' என்று வாயால் சொல்லி விற்கும் கடைக்காரர்களைப் பல வருஷமாகத் தெரியும், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. தெருவில் நின்று கவர் கொடுக்கிறவரிடம் வாங்கியது என் அவசரம். இனிமேல் யார் காட்டு ஃபைட்டர் என்று சொன்னாலும், செவுள் விரித்த நிலையில் பக்கவாட்டு வீடியோ கேளுங்கள், உங்கள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு பின்னால் தெரிய வேண்டும். தாய் தகப்பன் எந்த ஊர்த் தண்ணீரிலிருந்து வந்த வரிசை என்று கேளுங்கள், 'காடு' என்பது பதில் ஆகாது. வேறு காட்டு இனங்களுக்கும் அடையாளம் உண்டு: எமரால்டு என்று விற்கும் ஸ்மாரக்டினாவுக்குச் செவுள் மூடி முழுக்கப் பாம்புத்தோல் மாதிரி பச்சைச் செதில் இருக்கும். இம்பெல்லிஸுக்கு வாலில் சிவப்புப் பிறை. ஜோடியைவிட ஒரே குஞ்சுக் கூட்டத்தில் ஆறு சின்ன மீன் வாங்குவது நல்லது, கலப்பு இருந்தால் வளரும்போது ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்.

'காட்டில் பிடித்தது' என்ற வார்த்தைக்கு மயங்கவும் வேண்டாம். சமுத் சாகோனில் தொழிற்சாலையும் வீடுகளும் வந்து அந்தச் சதுப்பு சுருங்கிக்கொண்டே போகிறது. வளர்ப்பில் சுத்தமாக இருக்கும் வரிசை ஒவ்வொன்றும் அதனால் முக்கியம். அதில் ஒரு கலப்பு மீன் தெரியாமல் சேர்ந்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது. 6,050 ரூபாயைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

ஆறு பேரில் ஐந்து பேரிடம் பேசிவிட்டேன். தொட்டிமேல் 'கலப்பு' என்று எழுதி ஒட்டிவிட்டார்கள், குஞ்சு எடுப்பதில்லை. மீன்கள் நன்றாக இருக்கின்றன, வளர்ப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆறாவது நண்பர் தண்டையார்பேட்டையிலிருந்து வீடு மாறிவிட்டார், பழைய எண் வேலை செய்யவில்லை. மாறும் முன் எட்டுக் குட்டிகளைக் காசிமேடு பக்கம் யாருக்கோ கொடுத்ததாகக் கேள்வி. சித்திரைக்குப் பிறகு அந்தப் பக்கம் 'மஹாசாய்' என்று குட்டி வாங்கியவர்கள், இன்று ராத்திரியே கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து ஒருமுறை செவுளைப் பாருங்கள். சிவப்புக் கோடு தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.