ஏ.எஸ்.டி-எஸ்.டி.இ.100: ஏ.எம்.இ படிக்கிற நம்ம பசங்க கட்டாயம் இறக்கி வச்சுக்க வேண்டிய ஃப்ரீ பிடிஎஃப்

தமிழ் மீடியத்துல படிச்சிட்டு ஏ.எம்.இ, அதாவது விமானப் பராமரிப்பு இன்ஜினியரிங் சேர்ற பசங்க நிறைய பேர் முதல்ல பண்றது ஒரு ஏவியேஷன் டிக்ஷனரி வாங்குறதுதான். அதுல ஐலரான், எம்பெனேஜ், நசெல்னு விமானத்தோட பார்ட் எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கும், மனப்பாடம் பண்ணிடலாம், ஆனா ஹேங்கர்ல மெயின்டனன்ஸ் மேனுவலைத் திறந்தா மாட்டிக்கிற இடம் வேற, பார்ட் பேர் புரியும், அதை என்ன பண்ணச் சொல்றாங்கங்கிற வினைச்சொல்தான் குழப்பும். அதுக்குன்னே இருக்கிற டாக்குமென்ட் இந்த எஸ்.டி.இ.100. எஸ்.டி.இன்னா சிம்ப்ளிஃபைட் டெக்னிக்கல் இங்கிலீஷ், ஏ.எஸ்.டிங்கிறது இதை வெளியிடுற ஐரோப்பிய விமானத் தொழில் சங்கம். போயிங், ஏர்பஸ் மேனுவல்லாம் இந்த முறையிலதான் எழுதுறாங்க.

இது வந்த கதையே நமக்காக வந்த மாதிரிதான். மேனுவல் படிக்கிற மெக்கானிக்குகள்ல பெரும்பாலானவங்களுக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்லைன்னு 1970கள் கடைசியில ஐரோப்பிய ஏர்லைன்ஸ் சங்கம் விமானம் செய்யுற கம்பெனிகள்கிட்ட எடுத்துச் சொல்ல, 1986ல முதல் கைடு வந்துச்சு. 2005ல இப்போ இருக்கிற பேர் வச்சாங்க, 2025 ஜனவரியில 9வது இஷ்யூ (பதிப்பு) வந்திருக்கு.

உள்ள ரெண்டு பாகம். முதல் பாகம் எழுதுற விதிகள், ஐம்பதுக்கு மேல இருக்கு, அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்தா போதும். வேலை பண்ணச் சொல்ற வாக்கியம் 20 வார்த்தையைத் தாண்டக்கூடாது, விளக்கம் சொல்ற வாக்கியம் 25, ஒரு வாக்கியத்துல ஒரு வேலைதான், பெயர்ச்சொல்லை மூணுக்கு மேல சேர்த்து அடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதி எவ்ளோ பெரிய உதவின்னு 'ஃபார்வர்டு கார்கோ டோர் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் அட்டாச்மென்ட் போல்ட்'னு ஒரே மூச்சுல எழுதியிருக்கிற பழைய டாஸ்க் கார்டை (செய்ய வேண்டிய வேலையை எழுதிக் கொடுக்கிற தாளை) ராத்திரி ஷிஃப்ட்ல டார்ச் வெளிச்சத்துல படிச்சவங்களுக்குத் தெரியும், எந்த போல்ட்டு எதோடதுன்னு பிரிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்.

நிஜமான புதையல் ரெண்டாவது பாகத்துல இருக்கிற டிக்ஷனரிதான். அனுமதிச்ச வார்த்தை கிட்டத்தட்ட 900, கேப்பிடல் எழுத்துல இருக்கும், அனுமதி இல்லாதது ஸ்மால் எழுத்துல இருக்கும், பக்கத்துலயே அதுக்குப் பதிலா எதை எழுதணும், சரியான வாக்கியம் எது, தப்பான வாக்கியம் எதுன்னு காட்டியிருப்பாங்க. ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம், அதுதான் இதோட உயிர். 'க்ளோஸ்'னா மூடுறது மட்டும்தான், கிட்டங்கிற அர்த்தத்துக்கு 'நியர்'தான் போடணும். 'ஃபாலோ'ன்னா பின்னாடி வர்றது, சேஃப்டி இன்ஸ்ட்ரக்‌ஷனை 'ஒபே' பண்ணணும். 'ஃபால்'னா ஒரு பொருள் கீழ விழறது, ஹைட்ராலிக் பிரஷர் குறையுதுன்னா அதுக்கு 'டிக்ரீஸ்'. 'டெஸ்ட்' வெறும் பெயர்ச்சொல், அதனாலதான் மேனுவல்ல எங்க பார்த்தாலும் 'டூ எ டெஸ்ட்'னு வருது, நம்ம பசங்க இதை ஏதோ சின்னப் பிள்ளை இங்கிலீஷ்னு நினைக்கிறாங்க, இல்லைங்க, ரெண்டு விதமா யாரும் படிச்சிடக்கூடாதுன்னு யோசிச்சு வச்சது அது.

வார்னிங், காஷன் பகுதியை மட்டும் தயவுசெஞ்சு நிதானமா படிங்க. ஆளுக்கு அடிபடும்னா வார்னிங், பொருள் கெட்டுப்போகும்னா காஷன். எடுத்ததும் என்ன பண்ணணும்னு சொல்லணும், அப்புறம்தான் பண்ணலைன்னா என்ன ஆகும்னு சொல்லணும். லேண்டிங் கியர் டோர் கிட்ட நிக்கிற ஆளுக்கு அந்த வரிசை ரொம்ப முக்கியம், காரணத்தைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் டோர் காத்திருக்காது.

குறைன்னு பார்த்தா, டெக்னிக்கல் பேர்கள் இதுல வராது. ப்ளீட் ஏர், ஸ்லாட், ஆக்சுவேட்டர் மாதிரி பேரெல்லாம் எந்த வகையில வரும்னு மட்டும் சொல்லிட்டு, பட்டியல் போடுற வேலையை அந்தந்தக் கம்பெனிகிட்ட விட்டுட்டாங்க. அதுக்கு ஏ.டி.ஏ சாப்டர் (மேனுவலை சிஸ்டம் வாரியா பிரிக்கிற பொதுவான நம்பர்) வாரியா போறதுதான் சரியான வழி, 27ல ஃப்ளைட் கன்ட்ரோல்ஸ், 32ல லேண்டிங் கியர், 36ல நியூமேட்டிக்னு, ஒவ்வொரு சாப்டர் ஆரம்பத்துல இருக்கிற விளக்கப் பகுதியைப் படிச்சாலே பேரும் வேலையும் சேர்ந்து மனசுல நிக்கும். இன்னொண்ணு, இது எழுதுறவங்களுக்காகப் போட்டது, அதனால பயிற்சி கேள்வியெல்லாம் கிடையாது, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்துற மாட்யூல் எக்ஸாமுக்கு நேரடியா மார்க்கும் தராது. 1986க்கு முன்னாடி எழுதுன மேனுவலும் இந்த விதிக்குள்ள வராது, அங்க பழைய குழப்பம் அப்படியே இருக்கும்.

நான் சொல்ற வழி என்னன்னா, டிக்ஷனரியை அ-ஃ வரைக்கும் படிக்காதீங்க, ஒரு டாஸ்க்கை எடுத்து வச்சுக்கிட்டு அதுல வர்ற வினைச்சொல்லை மட்டும் இதுல தேடிப் பாருங்க, அதே வார்த்தைங்கதான் திரும்பத் திரும்ப வரும், சீக்கிரமே கை பழகிடும். லாக்புக்ல ஸ்னாக் (விமானத்துல பார்த்த கோளாறு) எழுதும்போதும் இதே வார்த்தைகளைப் போட்டா அடுத்த ஷிஃப்ட்ல வர்ற அண்ணன் உங்களுக்கு போன் பண்ணி கேக்க வேண்டியிருக்காது.

காசு கிடையாது, அவங்க அதிகாரப்பூர்வ தளத்துல ஃபார்ம் நிரப்பிக் கேட்டா பிடிஎஃப் அனுப்புறாங்க. வாட்ஸப் குரூப்ல சுத்துற பழைய காப்பியை வச்சுக்காதீங்க, இஷ்யூவுக்கு இஷ்யூ விதியும் வார்த்தையும் மாறியிருக்கு, முதல் பக்கத்துல இஷ்யூ நம்பர் பார்த்துக்கோங்க. என் ரேட்டிங் 5க்கு 4.5.