மொட்டைக்கறுப்பன் அரிசி விற்கும் எங்கள் ஊர்க் கடை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கம் நடத்தும் சிறு கடையொன்றில் மாசி மாதத்திலிருந்து அரிசியும் மாவும் வாங்கி வருகிறேன். ஒற்றை அறை, ஒரு தராசு, சுவரோரமாக அடுக்கிய நெற்சாக்குகள். கடை என்று சொல்ல அவ்வளவுதான்.

முதலில் எங்கள் பக்கத்துப் பாரம்பரியச் சிவப்பரிசியான மொட்டைக்கறுப்பனைச் சொல்ல வேண்டும். தவிட்டை முழுதாகத் தீட்டிவிடாததால், கழுவும்போது முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வடிகிறது. வேகச் சற்று நேரம் எடுக்கும். ஆனால் ஒரு பிடி சோறே வயிற்றை நிறைக்கிறது. மிஞ்சியதைத் தண்ணீரூற்றி வைத்தால் மறுநாட் காலையில் பழங்கஞ்சிக்கு அதைவிட வேறு அரிசி வேண்டாம். பச்சையரிசி மாவில் அவித்த பிட்டும் உதிரியாக வந்தது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே நெல் விளைகிறது. அறுவடை முடிந்த கையோடு கடனுக்காகக் களத்திலேயே நெல்லை விற்றுவிட்டு, ஆவணிக்குப் பின் வெளியூர் அரிசியைக் கூடிய விலைக்கு வாங்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் பல. இந்தச் சங்கம் அறுவடை நேரத்திலேயே கைக்காசு கொடுத்து நெல்லை வாங்கி வைத்து, தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக அவித்துக் குற்றி விற்பதால், ஊரின் நெல் ஊரிலேயே தங்குகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு, 2022இல் கோதுமை மாவும் பாணும் எட்டாத விலைக்குப் போனதைக் கண்ட எனக்கு, அந்தச் சாக்குகளைப் பார்க்கும்போது மனதில் ஒரு தெம்பு வருகிறது.

காயவைத்த பனங்கிழங்கை இடித்தெடுக்கும் ஒடியல் மாவும் நல்லது. தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பை வடித்தபின் காய்ச்சிய கூழ் கட்டிபடாமல் வந்தது. போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டைத் தாங்கிய பண்டங்களில் ஒடியலும் ஒன்று என்பதால், அதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். பைகளில் அரைத்த திகதி இல்லை. சித்திரையில் வாங்கிய குரக்கன் மா பத்து நாளில் வண்டு வைத்துவிட்டது. அரிசியிலும் ஒருமுறை கல் இருந்ததால் சுளகில் புடைத்தே உலையில் இட்டேன்.

இரண்டையும் கடையில் நிற்கும் தங்கச்சியிடம் சொன்னேன். “அடுத்த அரைப்பிலயிருந்து எழுதி ஒட்டுறம் அக்கா” என்றார். போன கிழமை வாங்கிய குரக்கன் மாப் பையில் திகதி இருந்தது. ஒடியல் மாப் பையில் இன்னும் இல்லை.