799 ரூபாய் பரமபதம்: பாம்பு அழகு, வால்தான் இடம் மாறிவிட்டது

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளுக்குப் படம் போடுவதுதான் பிழைப்பு. யோசனை என்றால் பல்பு, வளர்ச்சி என்றால் மேலே ஏறும் அம்பு, ஒற்றுமை என்றால் கைகுலுக்கல். சேமிப்பு என்றால் பன்றி உண்டியல்தான் வேண்டுமாம். பன்றி வயிற்றில் காசு போட்டவர் ஒருவரையும் இந்த ஊரில் நான் பார்த்ததில்லை. மண் உண்டியல் வரைந்து கொடுத்தால், "பழசா இருக்கே தம்பி" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பாவம், புண்ணியம், பிறவி, மோட்சம் அத்தனையையும் ஒரே தாளில் அடக்கிய பரமபத சோபான படத்தின் மேல் எனக்குத் தொழில்முறைப் பொறாமையே உண்டு. கைவினைப் பொருள் விற்கும் ஓர் இணையக் கடையில், கேன்வாஸ் துணியில் அச்சிட்ட பரமபதம் 799 ரூபாய்க்குக் கண்ணில் பட்டது. வைகுண்ட ஏகாதசிக்கு ஆகட்டும் என்று வாங்கினேன்.

பொருளாகப் பார்த்தால் குறை அதிகமில்லை. இரண்டடிக்கு இரண்டடி துணி, ஓரம் மடித்துத் தைத்தது. நான்கு மரக்காய்கள், இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சுருக்குப்பை. சுருட்டி அனுப்பியதால் மூலைகள் எழும்பி நின்றன. ஒரு ராத்திரி பாய்க்கு அடியில் வைத்ததும் படிந்துவிட்டன. தாயக்கட்டை நல்ல கனம், புள்ளிகளை ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். காவி, மஞ்சள், கருநீலம் என்று நிறங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் மஞ்சள் கட்டத்தில் வெள்ளை எழுத்து! ராத்திரி கண்விழித்து ஆடுவதற்கென்றே வாங்குகிற பொருள் இது. டியூப்லைட் வெளிச்சத்தில் அம்மாவால் கண்ணாடி போட்டும் ஒரு கட்டத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

ஆட உட்கார்ந்த பிறகுதான் பெரிய கோளாறு தெரிந்தது. 63-ஆம் கட்டத்தில் 'கோபம்' என்று ஒரு பாம்பு. செதில் செதிலாக, நாக்கை நீட்டிக்கொண்டு, அத்தனை நேர்த்தி. அதன் வழியே இறங்கினால் 41-இல் 'கருணை'யில் போய் நிற்கிறோம். கோபப்பட்டவனைக் கருணையில் கொண்டு விட்டால் அது தண்டனையா, பரிசா? 'பேராசை'யின் வால் 'தான'த்தின் மேல் கிடக்கிறது. 'கல்வி' ஏணியில் ஏறினால் 'கர்வம்' வருகிறது. இது மட்டும் வேண்டுமென்றே செய்தது என்றால் வரைந்தவருக்கு ஒரு கும்பிடு. மற்றதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. யாரோ நூறு கட்டத்தையும் நல்ல சொல், கெட்ட சொல் என்று நிரப்பிவிட்டு, அப்புறம் எங்கே அழகாக இருக்குமோ அங்கே பாம்பை நெளியவிட்டிருக்கிறார். பாம்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம் வேறு. பொய் சொன்னவனும் கொலை செய்தவனும் ஒரே அளவுக்குத்தான் இறங்குகிறார்கள்.

கும்பகோணத்தில் கோயில் வாசல் கடையில் வாங்கிய 50 ரூபாய்த் தாள் ஒன்று வீட்டில் இருக்கிறது. அச்சு மட்டம்தான்; சிவப்பு விலகி, ராவணனின் உதடு கன்னத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் அதைப் போட்டவருக்கு விஷயம் தெரியும். கீழ் வரிசைகளில் பறவை, விலங்கு, அதற்கு மேல் மனிதர்கள், அதற்கும் மேல் லோகங்கள், உச்சியில் பெருமாள். எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதே எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடும், ஓர் எழுத்தும் படிக்க வேண்டாம். சின்னத் தப்புக்குக் குட்டிப் பாம்பு, ஒரு வரிசை இறக்கம். எல்லாவற்றிலும் நீளமான பாம்பு வைகுண்டத்துக்குப் பக்கத்திலேயே வாயைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் வால் விலங்குகளின் வரிசையில். அதில் மாட்டினால், பாடுபட்டு ஏறிய அத்தனை வரிசைகளையும் தாண்டி நம் கையாலேயே காயைக் கீழே இழுத்துவர வேண்டும். அந்த இழுப்பில்தான் படத்தின் அர்த்தமே இருக்கிறது. 'அகந்தை' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டாலும் அது வராது.

துணியில் இருப்பது பத்துக்குப் பத்து, நூறு கட்டம். ஆங்கிலேயரின் பாம்பு ஏணி அட்டையில் நாம் பழகிய கணக்கு அது. இதே ஆட்டத்தின் வட இந்திய வடிவமான ஞான சௌபர் பலகைகளில் வைணவர்களுடையதில் 72, சமணர்களுடையதில் 84 கட்டங்கள் உண்டு. பழைய பலகைகளில் ஏணியைவிடப் பாம்புகளே பெரும்பாலும் அதிகம். நல்ல வழி லேசில் கிடைக்காது என்று அர்த்தம். 1890களில் இங்கிலாந்தில் இந்த ஆட்டம் விற்பனைக்கு வந்தபோது உழைப்பு, சிக்கனம் என்று அவர்களுடைய நற்குணங்கள் ஏணிக்கு வந்தன, போகப் போக ஏணியும் பாம்பும் சரிக்குச் சரியாயின. 1943-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. அதில் எனக்குப் பிடித்த ஒன்று, ஏணியின் அடியில் செயலும் உச்சியில் பலனும் படமாக இருப்பது. எந்தக் காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும். என் துணியில் எட்டுப் பாம்பு, எட்டு ஏணி. பெயர் மட்டும் பரமபதம்.

இந்தப் படத்திலேயே ஓர் ஓட்டையும் உண்டு, அதற்கு விற்பவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா மகள் இரண்டாவது முறையும் 'பொய்'யில் விழுந்ததும், "நான் என்ன மாமா பொய் சொன்னேன்? கட்டைதானே அப்படி விழுந்துச்சு?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "போன ஜென்மத்துல சொல்லியிருப்பே, உருட்டுடி" என்று முடித்துவிட்டார். அப்படியொரு பதிலைத் தாங்கும் படம் என்பதால்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது போலும். பல்புக்கும் அம்புக்கும் அந்த வசதி கிடையாது.

வால் விஷயத்தையும் வெள்ளை எழுத்தையும் விற்பவருக்கு எழுதினேன். அடுத்த அச்சில் கவனிப்பதாக மரியாதையாகப் பதில் வந்தது. அதுவரை சுவரில் மாட்ட வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம், கூடத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆடுவதற்கு என்றால் கோயில் வாசல் தாளே போதும். அட்டையில் ஒட்டிக்கொண்டால் நாள்பட உழைக்கும். தாயக்கட்டைக்கு ஆசைப்பட்டு 799 கொடுக்க வேண்டாம், பித்தளைப் பாத்திரக் கடைகளில் அது தனியாகவே கிடைக்கிறது.